அந்தோராவுக்குப் போக விரும்புவோர் கவனத்துக்கு

1

யாழ்ப்பாணத்தில் சஞ்சிகை நடத்தும் என் அண்ணர் மகன் செய்தி அனுப்பியிருக்கிறான். "சித்தப்பா, குகன் அண்ணா அந்தோராவுக்குப் போனது இங்கை எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது. எப்பிடிப் போறது, என்ன பேப்பர் வேணும் எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ. சனம் கேக்குது."

சனம் எப்போதும் கேட்கும். முதலில் லண்டனுக்கு எப்படிப் போவது என்று கேட்டது. பிறகு சுவிஸ் என்றது, பிறகு கனடா என்றது. இப்போது, வாழ்நாளில் வருமான வரிப் பத்திரத்தைக் கண்ணால் கண்டிராத சனம், வரி குறைந்த நாட்டுக்கு வழி கேட்கிறது. கேட்டதற்குச் சொல்லத்தான் வேண்டும். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் இருந்தவன். இங்கே மொன்றியலுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளை எண்ணியவன். எண்ணிப் பார்க்காத எதையும் நான் எழுதுவதில்லை. ஆகவே நம்பி வாசிக்கலாம்.

நாங்கள் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கிய நாளை ஒவ்வொரு மாசியிலும் வீட்டில் நான்தான் நினைவூட்டுவேன். என் மனைவி இருந்தவரை அன்றைக்குப் பால்சோறு பொங்குவாள். இப்போது மருமகள் தர்சினி கேக் வாங்கி வைக்கிறாள். அந்த விமான நிலையத்தில் பயணிகள் இறங்குவது நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. நாங்கள் உள்ளே வந்த வாசலையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று நான் வருடாவருடம் சொல்லும் பகிடிக்கு இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

இந்த வருடம் கேக்கை வெட்டிக்கொண்டே மகன் குகன் சொன்னான்: "அப்பா, நாங்கள் வெளிக்கிடப் போறம்."

"எங்கை, ரொறன்ரோவுக்கோ?"

"அந்தோராவுக்கு."

"அதென்ன, புதுத் தமிழ்க்கடையோ?"

பேத்தி ஆரணி மட்டும் சிரித்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கும் அதுவரை அந்தப் பெயர் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2

நாட்டைப் பற்றி முதலில்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள மலைகளின் மடிப்பில் அது செருகிக் கிடக்கிறது. வரைபடத்தில் அதன் பெயரை நாட்டுக்குள்ளே எழுத இடமில்லை, பக்கத்து நாட்டில் எழுதுகிறார்கள். விமான நிலையம் இல்லை. ரயில் இல்லை. பிரான்சிலோ ஸ்பெயினிலோ இறங்கி பஸ்ஸில் மலை ஏற வேண்டும். ஆகவே அவசரக்காரர் கவனிக்க: நேரே போக முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவருக்கு முதலில் ஐரோப்பிய விசா வேண்டும். அதுவும் ஒருமுறைக்கு மேல் உள்ளே வர அனுமதிக்கும் விசா. இல்லாவிட்டால் மலை ஏறியவர் மலையிலேயே இருக்க வேண்டியதுதான்.

நாட்டுக்கு இரண்டு இளவரசர்கள். ஒருவர் பிரான்சின் ஜனாதிபதி, மற்றவர் ஸ்பெயினில் ஒரு ஆயர். இருவரும் அங்கே வசிப்பதில்லை. தலைவர்களே குடியிருக்காத நாட்டில் குடியேறத்தான் உலகம் வரிசையில் நிற்கிறது.

பாஷை கத்தலான். இங்கே பிரெஞ்சு படிக்க அரசாங்கம் எனக்கு மூன்று தரம் வகுப்பு வைத்தது. இன்றைக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ்க்கடையில் வாசலில் நுழைந்ததும் "போன்ஜூர்" என்று வாய் சொல்லிவிடுகிறது, கடைக்காரப் பிள்ளை "என்ன ஐயா வேணும்?" என்று கேட்ட பிறகுதான் நாக்கு இடம் தெரிந்து நிற்கிறது. இனிக் கத்தலானுக்கும் இந்த வாயில் இடம் வேண்டுமாம்.

குடியுரிமை பற்றிக் கேட்பீர்கள். இருபது வருடம் அங்கே இருக்க வேண்டும். கிடைத்தால் மற்றக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். போகிறவர் யாரும் அதற்காகப் போவதில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரி எடுக்கமாட்டார்கள், அதற்காகத்தான் போகிறார்கள். அகதி விண்ணப்பம், தமிழ்க் கோயில், அரங்கேற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பனி உண்டு. மொன்றியலில் இருந்து பனிக்குப் பயந்து போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

3

போவதைவிடக் கடினம் கனடாவை விட்டு விடுபடுவது. இதை ஒருவரும் எழுதுவதில்லை.

நீங்கள் புறப்படும் நாளில் உங்கள் பங்குகள் முதலானவற்றை விற்றுவிட்டதாக அரசாங்கம் பாவனை பண்ணி, அந்தப் பாவனைக்கு வரி கேட்கும். ஒட்டாவாவில் மத்திய அரசுக்கு ஒரு கணக்கு, கியூபெக் மாகாணத்துக்கு இன்னொரு கணக்கு. பிறகு நீங்கள் உண்மையாகவே போய்விட்டீர்களா என்று பார்க்கும். அதற்கு அவர்கள் பார்ப்பது தொடர்புகளை. இங்கே ஒரு வீடு திறந்திருந்தால், மனைவி இருந்தால், உங்கள் தயவில் வாழ்கிறவர் இருந்தால், நீங்கள் போகவில்லை என்று வாதாட இடமுண்டு.

இதைக் குகனுக்கு விளக்கியவர் கணினித் திரையில் வந்த ஒரு ஆலோசகர். மிக வெள்ளைப் பற்கள். பின்னால் தெரிந்த மலை படம் என்பதை அவர் தலை அசையும்போது கண்டுகொண்டேன். தொடர்புகளை வெட்டுங்கள், சுத்தமாக வெட்டுங்கள் என்றார். வெட்ட வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பியும் வைத்தார்.

குகன் சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தான். "வீடு, விக்கிறம். கார், விக்கிறம். மருத்துவ அட்டை, திருப்பிக் குடுக்கிறம். லைசன்ஸ்..." பிறகு நிறுத்திவிட்டான்.

"அடுத்தது?" என்றேன்.

கணினியை அந்தப் பக்கம் திருப்பினான். ஆரணி எட்டிப் பார்த்துப் பிரெஞ்சில் மெதுவாக வாசித்தாள். பிறகு தகப்பனைக் கேட்டாள்: "அது அப்பப்பா தானே?"

லைசன்ஸுக்கு அடுத்ததாக நான் இருந்தேன். வரிசையில் கடைசி இல்லை. எனக்குக் கீழே தேகப்பயிற்சி நிலையச் சந்தா இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேறியபோது புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பின்னால் பிணை நிற்க வேண்டும். எனக்கு அண்ணர் நின்றார். அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். அன்று வெளியேற, பின்னால் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். இன்று என் மகன் வெளியேற, பின்னால் ஒரு ஆளும் இருக்கக்கூடாது. இரண்டு அலுவலகத்திலும் வரிசையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலாவதில் மனுசரைக் கொஞ்சம் மதித்தார்கள்.

"நீங்களும் வாங்கோ அப்பா," என்றான் குகன்.

"நீ கேக்கிறியோ, அந்தப் பல்லுக்காரன் கேக்கச் சொன்னவனோ?"

"உங்களோடை கதைக்க ஏலாது."

விசாரிக்காமலும் இல்லை. அங்கே குடியிருக்கத் தனியார் மருத்துவக் காப்புறுதி வேண்டும். என் வயதையும், நெஞ்சில் வைத்த ஸ்டென்ட்களின் எண்ணிக்கையையும் சொன்னதும் ஒரு கம்பனிக்காரி "மெர்சி" என்று நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். வாசகருக்குப் பயன்படும் ஒரு விடயம்: இருபது வருடம் கனடாவில் வாழ்ந்தவருக்கு முதியோர் பென்சன் எந்த நாட்டுக்கும் வரும். பென்சன் எங்கேயும் வரும். ஆளுக்குத்தான் கரைச்சல்.

நான் வரவில்லை, பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாடகைப் பத்திரம் என் பெயரில், காசு என் பென்சனில். அவன் தடுக்கவில்லை. ஆலோசகரும் அது மிகச் சுத்தமான தீர்வு என்றாராம்.

4

மொன்றியலில் வீட்டை மூன்றரை, நாலரை என்று அறைக் கணக்கில் சொல்வார்கள். அந்த அரை என்பது குளியலறை. ஒரு முழுக் குளியலறையை அரை என்று எழுதும் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வைத்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு மூன்றரை. இரண்டாம் மாடி, வெளியே இரும்புப் படிக்கட்டு. ஆடித் தள்ளுபடிக்குச் சனம் முண்டியடிப்பதுபோல இங்கே யூலை முதலாம் திகதி ஊர் முழுக்க ஒரே நாளில் வீடு மாறும். தெருவெல்லாம் மெத்தை. அதுவரை எல்லாரும் ஒன்றாக இருந்த லாசால் வீட்டில் இருந்து என் சாமான்களைக் குகன் ஒரு வான் பிடித்துக் கொண்டுவந்து இறக்கினான். அலுமாரியை அடுக்கும்போது எண்ணிப் பார்த்தேன். வேட்டி ஒன்று குறைந்தது. எட்டு முழம், பச்சைக் கரை, மூலையில் அயன்பெட்டி சுட்ட அடையாளம்.

"லோண்டரியிலை விட்டிட்டாங்கள்," என்றேன்.

"பழசுதானே மாமா, விடுங்கோ," என்றாள் தர்சினி.

நான் விடவில்லை. லாசாலுக்கு பஸ் ஏறிப் போய் லோண்டரிக்காரனோடு இரண்டு தரம் சண்டை பிடித்தேன். அந்த மனுசன் கிரேக்கன். வேட்டி என்றால் என்னவென்று அவனுக்குக் கையால் விளக்குவதற்கே ஒரு மத்தியானம் போனது.

5

இனி, போகும் நாளைப் பற்றி. இது ஆலோசகர் சொல்லித் தராத பகுதி.

நான் வீடு மாறுவதற்கு முன்பே, மலிவாகக் கிடைத்த ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்குக் குகன் மூன்று டிக்கெட் எடுத்தான். தர்சினியின் தாய் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் இருக்கிறார். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் சொன்னார்: "சனிக்கிழமை கிழக்கை சூலம், பிள்ளை. உது கிழக்கை தானே போற பயணம்?"

"ரிக்கற் எடுத்தாச்சு அம்மா."

"அப்ப முதலே ஒரு நல்ல நேரத்திலை ஒரு பையைக் கொண்டுபோய் வெளியாற்றை வீட்டிலை வையுங்கோ."

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் வரும் நல்ல நேரத்தில் பயணக்காரரின் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் வைப்பது வழக்கம். அந்த நேரத்திலேயே நீங்கள் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கெட்ட நாளிலும் போகலாம், போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொள்ளலாம். வைத்ததைத் திருப்பி வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, இடையில் பிரிக்கவும் கூடாது. அரசாங்கம், நாங்கள் விற்காததை விற்றதாகப் பாவனை பண்ணுகிறது. நாங்கள், புறப்படாமலே புறப்பட்டதாகப் பாவனை பண்ணுகிறோம். ஒருவரை ஒருவர் குறை சொல்ல முடியாது.

நல்ல நேரம் புதன்கிழமை காலை, பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னர்.

"அது சுன்னாகத்துப் புதனோ, இஞ்சத்தைப் புதனோ?" என்றேன்.

"மாமா, நீங்கள் சும்மா இருங்கோ. மொன்றியல் நேரத்துக்கு மாத்திப் பார்க்க ஆப் இருக்கு."

பையில் உண்மையிலேயே தேவையான சாமானை வைக்க வேண்டும், கந்தலை வைத்து ஏமாற்றக்கூடாது என்று தாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தர்சினி யோசித்தாள். பயணத்துக்கு மிகத் தேவையானது எது? பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பத்திரம், காவல்துறைச் சான்றிதழ்கள், எல்லாம் மூலப்பிரதி, முத்திரை குத்தியது, ஒரே கோப்பில். அதைத் தூக்கிப் பையில் வைத்துவிட்டாள். மூன்று பட்டப்படிப்பு உள்ள வீடு அது. குகனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

பையை வைத்தது என் புது வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி, யோகலிங்கம் வீட்டில். அவன் என்னோடு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றியவன், தனி ஆள்.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன, குண்டோ?" என்றான்.

"என்ரை மகன்ரை எதிர்காலம்."

தூக்கிப் பார்த்தான். "பெரிசாப் பாரமில்லை."

6

பயணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை விற்றுவிட்ட லாசால் வீட்டின் திறப்பைப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கந்தோரில் கொடுத்துவிட்டு மூவரும் பெட்டிகளோடு என் மூன்றரைக்கு வந்தார்கள். ஒரு இரவுக்கு என்று சொன்னார்கள். யோகலிங்கம் வீட்டுக்குப் போய்த் தட்டினேன், ஆளில்லை. தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, என்ரை தம்பி செத்துப்போனான்," என்றான். "நேற்று ரொறன்ரோவுக்கு பஸ் ஏறினனான். முப்பத்தோராம் நாள் கிரியை முடியத்தான் வருவன்."

பை பூட்டிய வீட்டுக்குள்.

"வீட்டுச் சொந்தக்காரனிட்டை இன்னொரு திறப்பு இருக்கும். இப்ப போய் எடுக்கிறன்," என்று குகன் சப்பாத்தைப் போட்டான்.

"எடுக்க வேண்டாம்," என்றாள் தர்சினி. "அது துடக்கு வீடு, சாவுத்தீட்டு."

"என்ன விசர்க்கதை! அந்தாள் செத்தது ஒன்ராறியோவிலை. பை இருக்கிறது கியூபெக்கிலை!"

"துடக்குக்கு மாகாணம் இருக்கோ?"

இந்த நாட்டில் மாகாணத்துக்கு மாகாணம் வரி வேறு, மருத்துவ அட்டை வேறு, கல்லாத பாஷை வேறு. ஒரே விதமாக ஓடுவது எங்கள் துடக்கு ஒன்றுதான்.

"நாளைக்கு பிளேன், தர்சினி."

"நல்ல நேரம் பார்த்து வைச்ச பையைச் செத்தவீட்டுத் துடக்குக்குள்ளாலை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, தெரியாத ஊருக்கு நான் வரமாட்டன். முப்பத்தொண்டு கழியட்டும்."

"முப்பத்தொண்டு கழியேக்கை பொலிஸ் ரிப்போட் செத்திடும்! அதுக்கு மூண்டு மாதம்தான் உயிர்!"

"அப்ப அதுக்கும் துடக்குக் காப்பம்."

ஆரணி குளியலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். குகன் என்னைப் பார்த்தான். "அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச ஆள்."

"நான் தயவிலை வாழுற ஆள். எனக்கு அபிப்பிராயம் இல்லை."

அவன் சப்பாத்தைக் கழற்றினான். அவள் சொல்லை அவன் நம்பினான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தெரியாத ஊர் என்று அவள் சொன்னபோது அவன் முகம் ஒரு மாதிரிப் போனதைக் கண்டேன்.

டிக்கெட் போனது. சான்றிதழ் காலாவதியானது. விண்ணப்பம் முதலில் இருந்து தொடங்கியது. ஆவணி போய், புரட்டாதி போய், ஐப்பசி வரை நாலு பேரும் அந்த மூன்றரையில் இருந்தோம். குகன் சமையலறை மேசையில் இருந்து அமெரிக்கக் கம்பனிக்கு வேலை செய்தான். நான் தேத்தண்ணி வைக்கக் கேத்திலைத் தொட்டால் "அப்பா, மீற்றிங்" என்றான். ஆரணியைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், அவள் கூடத்தில் என் சாய்மனைக் கதிரைக்கும் சுவருக்கும் நடுவில் படுத்தாள். கூடுதலாக ஆட்கள் இருக்கிறார்களா என்று வீட்டுச் சொந்தக்காரன் பிரெஞ்சில் எழுதிய கடிதத்தை அவளே எனக்கு வாசித்துக் காட்டிப் பதிலும் எழுதினாள். "என் தயவில் வாழ்பவர்கள் மூவர்" என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுத் தகப்பனுக்குக் காட்டினாள்.

வெட்ட வேண்டிய தொடர்பின் வீட்டில் வந்து படுத்திருந்தால் வரி அலுவலகம் என்ன சொல்லும் என்று ஆலோசகரைக் கேட்கச் சொன்னேன். கேட்டானோ தெரியாது.

7

முப்பத்தொன்று கழித்துத் தலை மழித்துக்கொண்டு யோகலிங்கம் வந்து எத்தனையோ நாளாகியும் பை அவன் வீட்டிலேயே இருந்தது. புதுச் சான்றிதழ் வந்து, புது டிக்கெட்டும் எடுத்த பிறகு, பழையதை எடுத்துப் புதியதை வைப்பதற்குத் தாயிடம் சுன்னாகத்தில் விசேட அனுமதி பெறப்பட்டது. வெளியே வைத்தே பிரிக்கலாமாம். புறப்படும் நாளன்று யோகலிங்கம் தன் வீட்டு வெளிப்படிக்கட்டின் மேல்தட்டுக்குப் பையைக் கொண்டுவந்து வைத்தான். முதற் பனி தூறத் தொடங்கியிருந்தது.

தர்சினி பையின் சங்கிலியை இழுத்துத் திறந்தாள். மேலே கோப்பு. ஒரு துண்டு மஞ்சள். அவளுடைய சேலை ஒன்று. குகனின் சேட்டு. ஆரணியின் சின்ன வயதுப் பாவாடை. அதற்குக் கீழே பச்சைக் கரை.

நான் குனிந்து மூலையைப் பிடித்துப் பார்த்தேன். அயன்பெட்டி சுட்ட அடையாளம்.

"என்ரை வேட்டி."

"ஓம் மாமா."

"நான் அந்தக் கிரேக்கனோடை ரெண்டு தரம் சண்டைக்குப் போனனான்."

"தெரியும் மாமா. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது."

"ரிக்கற் மூண்டுதானே எடுத்தது?"

"ரிக்கற் அவர் எடுத்தது," என்றாள், கோப்பை மாற்றிக்கொண்டே. "நேரம் நான் நாலு பேருக்குத்தான் பார்த்தனான்."

கணக்குப் பிழை என்று சொன்னேன். குகன் கீழே தெருவில் நின்ற டாக்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் இது தெரியாது என்பது அவன் பிடரியைப் பார்க்கவே தெரிந்தது.

"அண்ணை," என்றான் யோகலிங்கம், "வேணுமெண்டால் எடுங்கோ. ஆனா வெளியிலை வைச்ச சாமானைத் திருப்பி எடுத்தால் பயணத்துக்குக் கூடாது."

"எனக்குத் தெரியும். எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம்."

மூலையை விட்டேன். தர்சினி அதை மடித்துக் கீழே வைத்துச் சங்கிலியை இழுத்து மூடினாள். ஆரணி இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்து பிரெஞ்சுக்காரியைப்போல விடைபெற்றாள். பிறகு திரும்பி ஓடி வந்து தமிழ்ப்பிள்ளையைப்போல அழுதாள்.

இப்போது அவர்கள் அங்கே இருக்கிறார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் அந்த நாட்டில் இருக்க வேண்டும், இங்கே அளவோடு வர வேண்டும். எத்தனை நாள் வரலாம் என்று குகன் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான். அதில் என் செத்தவீட்டுக்கு ஒதுக்கியிருக்கிறானா என்று கேட்டேன். "விசர்க்கதை கதையாதேங்கோ அப்பா," என்றான். ஒதுக்கியிருக்கிறான் என்று விளங்கிக்கொண்டேன்.

ஆகவே போக விரும்புவோர் செய்ய வேண்டியது: இரண்டு முறை உள்ளே வரும் விசா. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சான்றிதழ். காப்புறுதி. வங்கியில் போடக் காசு. கோப்பைக் கையோடு வைத்திருங்கள். இவ்வளவும் இருந்தால் எந்த முட்டாளும் போகலாம்.

என் வேட்டியை அங்கே அலுமாரியில் தனித் தட்டில் வைத்திருப்பதாகத் தர்சினி சொன்னாள். வருடம் முழுவதும் அது அந்தோராவில்தான் இருக்கிறது. என் குடும்பத்தில் நாள் எண்ணாமல் அங்கே குடியிருப்பது அது ஒன்றுதான், அதுவும் ஒரு சதம் வரி கட்டுவதில்லை.